அயலவர் பார்க்காத வீட்டுப் படம்

ஒரு ஓவியருடைய மீள்பார்வைக் கண்காட்சி ஊர் ஊராகப் போகுது என்று செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது அது போகும் ஊர்களின் பட்டியலைத்தான். லண்டன், நியூயோர்க், பெர்லின், டெல்லி இருக்கும். இலங்கை என்றால் கொழும்பு. அதிஷ்டம் இருந்தால் யாழ்ப்பாணம். அதோடு பட்டியல் முடிஞ்சிடும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் பூநகரி வழியாக மன்னாருக்கு அரைநாள் கூட ஆகாது. கருவாடு வருது, சீமெந்து வருது, கம்பஸ் பிள்ளைகள் நாங்கள் வெள்ளிக்கிழமை ஊடுப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். ஓவியம் மட்டும் அந்தப் பாலத்தைக் கடக்கப் பஞ்சிப்படுது.

"மன்னாருக்கும் கொஞ்சம் கலை அனுப்புங்கோ" என்று பிச்சை கேட்க இதை எழுதவில்லை. சில ஓவியங்கள் மன்னார் போன்ற ஓரிடத்தில் வைக்கப்படும்போதுதான் முழுதாக வேலை செய்யும் என்பது என் கருத்து. வேறு இடங்களில் அவை அழகாக இருக்கும், துக்கமாக இருக்கும், பாராட்டும் கிடைக்கும். ஆனால் அவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய ஆட்கள் அங்கே இல்லை.

மீள்பார்வைக் கண்காட்சி என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கலைஞர் இருபது, முப்பது, ஐம்பது வருடம் செய்த வேலைகளை ஓரிடத்தில் கூட்டி வரிசையாக வைப்பது. இளவயதில் என்ன செய்தார், எங்கே திரும்பினார், எதைத் திரும்பத் திரும்பச் செய்தார் என்று ஒரு பின்னேரத்தில் நடந்து பார்த்துவிடலாம். அதைப் பெட்டிகளில் அடுக்கி அடுத்த ஊருக்கும் கொண்டுபோனால் அது சுற்றும் கண்காட்சி. இதற்குப் பணம் வேணும், காப்புறுதி வேணும், குளிரூட்டிய கூடம் வேணும். அதனால் காசு போகும் பாதையில்தான் இந்தக் கண்காட்சிகளும் போகும்.

நல்ல உதாரணம் ஸரீனா ஹாஷ்மி. 1937இல் இந்தியாவின் அலிகாரில் பிறந்தவர். தகப்பன் அங்குள்ள முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்தவர். பிரிவினைக்குப் பிறகு குடும்பம் பாகிஸ்தானுக்குப் போனது. ஸரீனா ஊர் ஊராக வாழ்ந்து கடைசியில் நியூயோர்க்கில் தங்கினார். அவருடைய அச்சுப்படங்களில் ஒன்று, அலிகாரில் இருந்த தகப்பனுடைய வீட்டின் தரைப்படம். சுவர் எங்கே, வாசல் எங்கே, முற்றம் எங்கே என்று கறுப்புக் கோடுகள். அவ்வளவுதான். ஆள் இல்லை, மரம் இல்லை, அழுகை இல்லை. 1999இல் செய்த இன்னொரு தொகுதியில் 36 மரச்செதுக்கு அச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு உருது சொல். வீடே ஒரு அந்நிய தேசம் என்பதுதான் அந்தத் தொகுதியின் தலைப்பு. 2012, 2013இல் அவருடைய முதல் மீள்பார்வைக் கண்காட்சி சுற்றுக்குப் போனபோது அது போன இடங்கள் லொஸ் ஏஞ்சலிஸ், நியூயோர்க், சிக்காகோ. மூன்றும் பெரிய நூதனசாலைகள். ஆயிரக்கணக்கான பேர் அந்தத் தரைப்படத்துக்கு முன்னால் நின்றிருப்பார்கள். ஆனால் "இந்த வாசலால் நானும் போயிருக்கிறன்" என்று சொல்லக்கூடிய ஒரு ஆளைக்கூட அந்தப் பாதையில் எதிர்பார்க்க முடியாது.

எங்கட பக்கத்தில் இதற்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி ஒரு வேலை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படிப்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் கொண்டுவந்த 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற நூல்தான் அது. போரால் வீட்டை விட்டுப்போன தமிழ், முஸ்லிம் சனத்திடம் போய், உங்கட வீட்டை ஞாபகத்தில் இருந்து வரைஞ்சு தாங்கோ என்று கேட்டிருக்கிறார். 80 வீடுகள். ஒவ்வொன்றுக்கும் அந்த ஆள் தன் கையால் கீறிய படம் இருக்கும். அதைக் கட்டடக்கலைஞர் அளவோடு திருத்தி வரைந்த படம் இருக்கும். சனாதனன் அந்த நினைவை வைத்துத் தீட்டிய வண்ணப்படமும் அவர்கள் சொன்ன கதையும் இருக்கும். ஒரே வீடு, நாலு விதமாக. கையால் கீறிய படத்தில் கிணறு வீட்டைவிடப் பெரிசாக இருக்கலாம். கட்டடக்கலைஞரின் படத்தில் அது சரியான அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தில் என்ன தொலைந்தது என்று வண்ணப்படம் தேடும்.

சனாதனனுடைய மற்ற வேலைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1981இல் எரிக்கப்பட்டுத் திருத்திக் கட்டிய யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004இல், யாழ்ப்பாணத்து வீடுகளில் சேகரித்த பொருட்களைக் கொண்டு ஒரு காட்சி வைத்தார். 2010இல் வன்கூவரின் மானுடவியல் அருங்காட்சியகத்தில், புலம்பெயர்ந்த தமிழர் தங்கட ஊரின் நினைவாகக் கொடுத்தவற்றைப் போத்தல்களில் அடைத்து வைத்தார். 2016 கொச்சி பினாலேயில், போர்க்காலத்துச் சனம் எப்படிச் சமாளித்துச் சீவித்தது என்பதை அட்டைகளில் வரைந்து, நூலகத்தில் இருப்பது போன்ற ஒரு மர அலுமாரிக்குள் அடுக்கினார். இழுத்துத்தான் பார்க்கவேணும். இவை எல்லாவற்றையும் ஒரு வரிசையில் வைத்தால் ஒரு விஷயம் தெரியும்: இந்த ஓவியர் இருபது வருடமாகச் சனத்திடம் வாங்கிக்கொண்டே இருக்கிறார். பொருள் வாங்கியிருக்கிறார், கதை வாங்கியிருக்கிறார், கோடு வாங்கியிருக்கிறார். குறையாக இதைச் சொல்லவில்லை. அவருடைய கலையின் முறையே அது. ஆனால் அப்படிப்பட்ட ஒருவருடைய மீள்பார்வைக் கண்காட்சி எந்த நாளாவது சுற்றுக்குப் புறப்பட்டால், அது வாங்கிய இடங்களுக்குத் திரும்பி வருவது ஒரு நியாயமான கணக்கு.

கொழும்பிலும் ஒரு கதை இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கைக் கலையைப் பற்றி ஷர்மினி பெரேரா தொகுத்த ஒரு கண்காட்சி 2018இல் டாக்காவில் நடந்தது. 2019 டிசம்பரில் கொழும்பில் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் அதோடுதான் திறந்தது. ஒரு இலட்சம் சிறுகதைகள் என்ற பொருள்படும் அதன் தலைப்பு எங்கட கவிஞர் சேரனுடைய கவிதையில் இருந்து எடுத்தது. டாக்காவில் இருந்து கொழும்புக்கு வர ஒரு தமிழ்க் கவிதைத் தலைப்புக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம்தான் எடுத்தது. கொழும்பில் இருந்து மன்னாருக்கு எத்தனை வருடம் எடுக்கும்?

சரி, ஏன் மன்னார்? "தோம்பு" என்ற சொல்லில் இருந்தே தொடங்கலாம். அது காணிப் பதிவேடு. போர்த்துக்கீசர் கொண்டுவந்த சொல், ஒல்லாந்தர் பெரிசாக எழுதி வைத்தது. யாருக்கு எவ்வளவு நிலம், என்ன மரம், எவ்வளவு வரி என்ற கணக்கு. 1560இல் போர்த்துக்கீசர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இன்றைக்கும் மன்னார்த் தீவின் வாசலில், பாலம் கடந்ததும் நிற்கிறது. அதிகாரத்தில் இருக்கிறவன் நிலத்தை எழுதுவான், இருக்கிற சனம் எழுதப்படும் என்ற பழைய ஏற்பாட்டுக்கு அந்தக் கோட்டை அடையாளம். சனமே தன் கையால் தன் வீட்டைப் பதிவது அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. அந்தக் கோட்டையின் நிழலில் தோம்பின் பக்கங்களைப் பார்க்கிற அனுபவத்தை எந்தக் குளிரூட்டிய கூடமும் தராது.

அதைவிடப் பெரிய காரணம் அயலவர். லண்டனில் ஒருவர் அந்த வீட்டுப் படத்தைப் பார்த்து "பாவம்" என்று சொல்லலாம். அதற்கு மேலே அவருக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. மன்னாரில் பார்க்க வருகிறவர் வேற ஆள். அவர் அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். வீடு பூட்டிக் கிடந்தபோது திறப்பை வைத்திருந்தவராக இருக்கலாம். கதவு நிலையைக் கழற்றிக்கொண்டு போனவராகவும் இருக்கலாம்.

1990 ஒக்டோபரை நினைத்துப் பாருங்கள். வடமாகாணத்தில் இருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் சனத்தை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் இருந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிப் பக்கம் போனார்கள். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. எங்கட தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு தெரியும்? எங்கட வீடுகளில் இடப்பெயர்வுக் கதை சொல்லாத நாள் இல்லை. மடுவுக்கு ஓடியது, இந்தியாவுக்கு வள்ளம் ஏறியது, வன்னியில் பங்கர் வெட்டியது எல்லாம் மனப்பாடம். ஆனால் 1990 என்று வந்தால் கதை சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் எழும்பித் தண்ணி குடிக்கப் போவார். பள்ளிக்கூடமும் வேற வேற. கம்பஸில் ஒரே பெஞ்சில் இருந்து மூன்று வருடம் படித்தாலும் "உங்கட உம்மாட வீடு எது?" என்று கேட்க நாக்கு எழும்பாது.

அந்த நாக்கு எழும்புவதற்கு ஒரு படம் உதவும் என்று நான் நம்புகிறேன். கூட்டம் போட்டு "நல்லிணக்கம்" பற்றிப் பேசினால் எல்லாருக்கும் என்ன சொல்லவேணும் என்று முன்னமே தெரியும். ஒரு தரைப்படம் அப்படி இல்லை. அது விறாந்தை எங்கே, குசினி எங்கே, கிணத்தடியில் என்ன மரம் என்றுதான் கேட்கும். "இந்த மதில் இப்ப இல்லை" என்று ஒருவர் சொல்வார். "ஏன் இல்லை?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஆட்கள் இருப்பது இங்கேதான். எங்களுக்கு நடந்ததை மட்டும் திரும்பிப் பார்த்தால் அது மீள்பார்வையில் பாதிதான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததையும், எங்கட பெயரால் நடந்ததையும் பார்க்காமல் அது முடியாது.

முள்ளிக்குளத்துக்குப் போங்கள். 2007இல் சனத்தை வெளியேற்றி, பிறகு கடற்படை முகாமான ஊர். 2017இல் சனம் வீதியில் இருந்து போராடிய பிறகுதான் காணியில் ஒரு பகுதி விடுபட்டது. அங்கே பல வீடுகள் இடிந்துபோகவில்லை. வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உங்கட வீட்டைத் தூரத்தில் நின்று கண்ணால் பார்க்கலாம், உள்ளே போக முடியாது. அந்த நிலையில் ஒரு அம்மா தன் வீட்டைத் தாளில் கீறினால் அது வெறும் நினைவுப் படம் இல்லை, உரிமை கோரும் படம். காணி உறுதி எரிந்துபோன ஒருவருக்கு, தொலைந்துபோன ஒருவருக்கு, தன் வளவில் எத்தனை பனை நின்றது என்று சரியாகச் சொல்வதுதான் மிஞ்சியிருக்கும் உறுதி.

இதைக் கதைத்தால் உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும். "தம்பி, கடலுக்குப் போனால் இந்திய றோலர் வலையை அறுக்குது. தீவில காற்றாலை போடுறாங்கள், கனிய மணல் அள்ளப் பாக்கிறாங்கள். மழை பெய்தால் வீட்டுக்குள்ள வெள்ளம். உனக்கு ஓவியம் கேக்குதோ?" நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பிரச்சினைகளில் பாதி வரைபடப் பிரச்சினைகள். காற்றாலையை எங்கே நடுவது என்று ஒரு அலுவலகத்தில் ஒருவர் படத்தில் புள்ளி வைக்கிறார். அந்தப் படத்தில் வாடி இல்லை, கரைவலை இழுக்கும் பாடு இல்லை, மாரியில் தண்ணி எந்தப் பக்கம் வடியும் என்ற அறிவு இல்லை. அந்த இடங்கள் வெறும் வெள்ளையாக இருக்கும். தன் இடத்தைத் தானே வரையப் பழகிய சனத்துக்கு அப்படியான படத்தை மேசையில் விரித்து "இதில எங்கட ஊர் எங்க?" என்று கேட்க இன்னும் கொஞ்சம் துணிவு வரும்.

அடுத்தது, உப்புக்காற்று. தாள் பூஞ்சணம் பிடிக்கும், வண்ணம் உதிரும், காப்புறுதிக்காரர் விடமாட்டார். மூலப் படங்களைக் கொண்டுவருவது கஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் இங்கே நாங்கள் பேசும் வேலைகளில் முக்கியமானது ஒரு புத்தகம். அதன் பக்கங்களைப் பெரிசாக அச்சடித்து ஒட்டினால் அது போலி ஆகிவிடாது. புத்தகம் என்பதே போகுமிடமெல்லாம் ஒரு கண்காட்சியை மடித்துக்கொண்டு போகும் பெட்டிதானே.

"போனில பாக்கலாமே" என்பவர்களுக்கு: பாருங்கள். ஆனால் போனில் நீங்கள் தனியப் பார்க்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் எருக்கலம்பிட்டிக் கிழவர் என்ன முகத்தோடு பார்க்கிறார் என்று போன் காட்டாது.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. வடக்கில் மீள்பார்வைக் கண்காட்சி வைக்க வேலைகள் மிஞ்சியிருப்பதே ஒரு பாக்கியம். குருநகரில் பிறந்த மாற்கு மாஸ்ரர் யாழ்ப்பாணத்து நவீன ஓவியத்துக்கு ஒரு ஆசான். எத்தனையோ பேருக்குக் கோடு பழக்கியவர். 1995 இடப்பெயர்வில் அவருடைய படங்களில் பெரும் பகுதி போய்விட்டது. 2000ஆம் ஆண்டு அவரும் போய்விட்டார். அவருக்கு ஒரு முழு மீள்பார்வை வைக்க இனி யாராலும் முடியாது. இருப்பவர்களின் வேலையை இருக்கும்போதே ஊருக்குள் கொண்டுவாருங்கோ என்று அவசரப்படுவதற்கு இதைவிட வேற காரணம் தேவையில்லை.

தோம்பைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக முடியாது. எனக்கு அதனோடு ஒரு வழக்கும் இருக்கிறது. தரைப்படம் என்ற வடிவம் தரை உள்ளவர்களுக்கு வசதியானது. நாற்சார் வீடு, கல்வீடு, அறை அறையாக இருந்த வீடு படத்தில் நன்றாக வரும். ஒற்றை அறைக் குடிசை ஒரு சதுரமாக நின்றுவிடும். பருவத்துக்குப் பருவம் வாடி மாற்றும் மீன்பிடிக் குடும்பம் எதை வரையும்? மலையகத்தில் அடிபட்டு வந்து பெருநிலப் பகுதியில் குடியேறி, பேர்மிட்டுக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்கள் எந்தக் காணியின் எல்லையைக் கீறுவார்கள்? 80 வீட்டுப் படங்களோடு இந்தச் சதுரத்தையும் சமமாக வைக்கிற வழி என்ன என்று கண்காட்சி இங்கே வந்தால் கேட்கப்படும். வீடு சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்படுகிற எங்கட பக்கத்தில், அந்த வீட்டை வரையச் சொன்னால் பேனையைப் பிடிப்பது யார் என்றும் கேட்கப்படும். ஐயா கீறினால் முன்விறாந்தையும் படலையும் பெரிசாக இருக்கும். அம்மா கீறினால் குசினியும் கிணத்தடியும். முற்றுப்பெறாத தோம்பு என்று அதற்குப் பெயர் வைத்ததே இந்தக் கேள்விகளுக்கு இடம் விடத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த இடத்தை நிரப்பக்கூடியவர்கள் விமர்சகர்கள் இல்லை, இங்குள்ள சனம்.

ஆகவே வரும்போது எப்படி வரவேணும் என்றும் சொல்லிவிடுகிறேன்.

நகர மண்டபத்தில் மட்டும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஒரு கிழமை எருக்கலம்பிட்டியில், ஒரு கிழமை பேசாலையில், ஒரு கிழமை முள்ளிக்குளத்துப் பக்கம். பள்ளிக்கூட மண்டபம் போதும், கோயில் விறாந்தையும் போதும். படிமம் ஊர் ஊராகப் போவது எங்களுக்குப் புதிசு இல்லை. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடு மாதாவின் சுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய், ஓகஸ்டில் திரும்பக் கொண்டுவந்த மாவட்டம் இது. சனம் போகும் பாதையில் படிமமும் போகும் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

விளக்கக் குறிப்புகள் முதலில் தமிழில் எழுதப்படவேணும். இங்கிலீசில் எழுதிப் பிறகு தமிழாக்கிய, வாசிச்சால் மூச்சு முட்டும் தமிழ் வேண்டாம். எங்கட ஆச்சிமார் வாசிக்கட்டும்.

ஒரு மேசை, கொஞ்சத் தாள், பென்சில் இருக்கவேணும். வருகிறவர் விரும்பினால் தன் வீட்டைக் கீறலாம். கீறிய மூலப்படம் அவருடையது. பிரதி ஒன்று ஊர் நூலகத்தில் இருக்கட்டும். அவர் சம்மதிக்காமல் அது வேறு நாட்டுச் சுவரில் ஏறக் கூடாது.

கடைசியாக, நாடா வெட்டுவது, மாலை போடுவது, பிரமுகர் பேச்சு, குழுப்படம் எதுவும் வேண்டாம். ஒரு தமிழ்ப் பெரியவரையும் ஒரு முஸ்லிம் பெரியவரையும் மேடையில் கைகுலுக்க வைத்துப் போட்டோ எடுத்து அறிக்கையில் போடுகிற வேலை அறவே வேண்டாம். அவர்கள் ஒரே படத்துக்கு முன்னால் நின்று, அந்த மதில் எந்த வருடம் விழுந்தது என்று சண்டை பிடித்தால் அது காணும்.

இதற்கெல்லாம் காலம் எடுக்கும். அதுவரைக்கும் எங்களால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தோம்பின் ஒரு பிரதியையாவது மன்னார்ப் பொது நூலகத்துக்கு எடுத்துத் தரச் சொல்லிக் கேட்போம். கம்பஸில் கண்காட்சி வைக்கிற நுண்கலை நண்பர்கள் ஒரு வருடத்துக் கண்காட்சியையாவது பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இங்கே வாருங்கள். படுக்கப் பாயும் மத்தியானம் மீன்குழம்பும் எங்கட பொறுப்பு. வரும்போது உங்கட வகுப்பில் இருக்கிற எருக்கலம்பிட்டிப் பிள்ளையையும், பேசாலைப் பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.